லேப் முழுக்க டெபியன், கை வைக்காம: பிரீசீட் ஃபைல் எழுதறது எப்படி

வணக்கம் மக்களே. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு ஸ்கூல் லேப்ல 20 மெஷினுக்கு டெபியன் 12ங்கிற லினக்ஸ் போடணும்னா ஒவ்வொண்ணு முன்னாடியும் உக்காந்து என்டர் தட்டத் தேவையில்ல. இன்ஸ்டாலர் கேக்கிற கேள்விக்கெல்லாம் பதிலை பிரீசீட்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிடலாம்.

ஃபைலை லேப்டாப்ல வச்சு பைத்தான் வெப் சர்வரை ஓட விடுங்க. மெஷினை நெட்வொர்க்ல பூட் பண்ணி, திரையில காட்டுற மாதிரி இன்ஸ்டாலரைக் கிளப்புற பூட் வரியில ஆட்டோ, பிரயாரிட்டி கிரிட்டிக்கல், ஃபைலோட யூஆர்எல் மூணும் போடுங்க. ஆட்டோ இல்லன்னா மொழி, கீபோர்டு கேட்டு நின்னுடும். நெட் கிடைச்ச பிறகுதானே ஃபைலே வருது. மெஷினோட பேரான ஹோஸ்ட்நேமையும் பூட் வரியிலயே குடுங்க. ஃபைல்ல எழுதினது அதுக்கு லேட்டு.

ஃபைல்ல ஒவ்வொரு வரியிலயும், பதில் என்ன வகைன்னு சொல்ற டைப்புக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரே ஒரு ஸ்பேஸ். ரெண்டாவது ஸ்பேஸ் விழுந்தா அதையும் பதிலோட சேத்துக்கும். கண்ணுக்குத் தெரியாத தப்பு இது.

டிஸ்க்ல தான் உயிரே இருக்கு. டிஸ்க் பேரை எஸ்டிஏன்னு கண்ணை மூடிட்டு எழுதாதீங்க. என்விஎம்இ டிஸ்க்குக்கு பேரே வேற, பென்டிரைவ்ல பூட் பண்ணா சிலதுல பென்டிரைவே எஸ்டிஏவா வந்து உக்காரும். டிஸ்க்கைப் பிரிக்கிற பார்ட்மேனோட கன்ஃபர்ம் வரிகளை ட்ரூன்னு போடலன்னா அழிக்கவான்னு கேட்டு அங்கயே நிக்கும். எல்விஎம் முறையில முன்னாடியே பிரிச்சு வச்சிருந்த டிஸ்க்னா அதை நீக்கற வரியும் வேணும்.

பேக்கேஜ் வரிசையில தமிழ் எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல், தமிழ் 99 கீபோர்டு முறையில அடிக்க ஐபஸ்-எம்17என், தூரத்துல இருந்து பாக்க ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர். பேர்ல ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் படியே சிவப்புத் திரையோட விழும்.

மலை மேல நெட்டு எப்படின்னு சொல்லணுமா? அதே லேப்டாப்ல, இறக்கின பேக்கேஜைச் சேத்து வைக்கிற ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, 3142 போர்ட்டை ப்ராக்ஸியா எழுதுங்க. முதல் மெஷின் மட்டும் வெளியில இருந்து இறக்கும், மீதி எல்லாம் லேனுக்குள்ளயே எடுத்துக்கும். ஆனா அந்த ப்ராக்ஸி, போட்டு முடிச்ச சிஸ்டத்தோட ஆப்ட் கான்ஃப் ஃபைல்லயும் தங்கிடும். லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போன மறுநாளே அப்டேட் ஓடாது. இன்ஸ்டால் முடியற நேரத்துல ஓடற லேட் கமாண்ட்ல அந்த ஃபைலை அழிச்சிடுங்க.

உங்க கான்ஃபிக் ஃபைல்களையும் லேட் கமாண்ட்லயே இறக்குங்க. புது சிஸ்டம் இருக்கிற டார்கெட் ஃபோல்டருக்குக் கீழ உள்ள இடிசிங்கிற கான்ஃபிக் ஃபோல்டர்லதான் போடணும். வெறும் இடிசின்னு போட்டா அது இன்ஸ்டாலரோட மெமரி, ரீபூட்ல காணாமப் போயிடும்.

இப்போ கரண்ட். மழைக்காலத்துல மரம் விழுந்தா லைன் போகும், வரும். பயாஸ்ல நெட்வொர்க் பூட் முதல்ல இருந்து, நெட்வொர்க் பூட் தர்ற சர்வர்ல தானா இன்ஸ்டாலை ஆரம்பிக்கிற ஆட்டோ என்ட்ரியும் இருந்தா, கரண்ட் வந்ததும் நல்லா முடிஞ்ச மெஷினையே அழிச்சு மறுபடி ஆரம்பிக்கும். டிஸ்க்கை முதல்ல வைங்க, எஃப்12 அடிச்சு ஒரு தடவை மட்டும் நெட்வொர்க் பூட் எடுங்க. முடிஞ்சதும் ரீபூட் ஆகாம பவர்ஆஃப் ஆகற வரியும் இருக்கு, அதை ட்ரூ ஆக்கிடுங்க. எந்த மெஷின் இன்னும் ஓடிட்டு இருக்கோ அதுல வேலை முடியலன்னு அர்த்தம்.