ஷாக் தண்டில் கட்டிய கேபிள் டை

எல்லோருக்கும் வணக்கம். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை பைத்தியத்தைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்றார்கள். என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "பதினைந்து நிமிடத்தில் இவர் இன்னும் முன் சக்கரத்தையே தாண்டியிருக்க மாட்டார்" என்றாள். பார்க்கலாம். பைத்தியம் என்பது ஆட்டோகிராஸ் என்ற கார் போட்டி. அதற்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிற ஒரே வண்டியில் காயிலோவர் என்ற ஸ்பிரிங், ஷாக் செட்டை மாட்டி நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். இந்த ஊரில் தமிழர் வீடு என்றால் யாராவது ஒருவர் கார் கம்பெனியில் வேலை பார்ப்பார். நானும் அப்படித்தான், ஆனால் நான் எழுதுவது மென்பொருள். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல், சொந்தச் செலவில். அதனால் இன்று நான் சொல்லப்போவதில் பாதி, நான் கெடுத்துக்கொண்டு கற்றது.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய காலி கார் நிறுத்துமிடம், இல்லையென்றால் பழைய விமான ஓடுதளம். அதில் ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 60 மைலைத் தாண்டுவது அபூர்வம், பல வண்டிகளில் இரண்டாம் கியரிலேயே முழுப் பாதையும் போய்விடும். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம். ஓட்டி முடித்தவர் வெயிலில் நின்று மற்றவர்கள் தட்டிய கோனை நிமிர்த்தி வைக்க வேண்டும், அதில் டாக்டர், கோடீஸ்வரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்புதான் இந்த நாட்டில் இதைப் பெரிய அளவில் நடத்துகிறது. செப்டம்பரில் தேசியப் போட்டி நெப்ராஸ்காவில், லிங்கன் என்ற ஊரில் நடக்கும்.

என் வண்டி 1993 மஸ்டா மியாட்டா. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான அந்தச் சின்ன இரண்டு சீட் வண்டிதான். எடை ஒரு டன்னுக்குப் பக்கம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதில்தான் ஆபீஸ் போகிறேன், அதிலேயேதான் ஞாயிற்றுக்கிழமை கோன்களுக்கு நடுவே ஓட்டுகிறேன். சிக்கலே இங்கேதான். பந்தயத்துக்கு மட்டும் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, ஆபீசுக்கு மட்டும் என்றாலும் இல்லை.

காயிலோவர் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஷாக் அப்சார்பரின் மேல் ஸ்பிரிங்கைச் சுற்றி உட்கார வைத்தால் அது காயிலோவர். அப்படிப் பார்த்தால் மியாட்டாவில் கம்பெனி போட்டுக் கொடுப்பதே அதுதான். கடையில் அந்தப் பெயரில் விற்பது, ஷாக்கின் உடம்பில் மரை போட்டு, ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஏற்றி இறக்க வசதி செய்ததை. அந்த மரைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு செட் பழையது வாங்கினேன். விற்றவர் அதை வழவழப்பான ரேஸ் டிராக்கில் ஓட்டியவர். முன்னால் 10 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ பாரம் வேண்டும். மாட்டினேன். வண்டி 30 மி.மீ. இறங்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தட்டை நாலு பக்கமும் 30 மி.மீ. கீழே திருகினேன். வண்டியைத் தரையில் விட்டால் 40-க்கும் மேல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று அப்போது புரியவில்லை, ஆனால் அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். மியாட்டாவில் ஷாக், சக்கரத்தின் மேலேயே நேராக நிற்பதில்லை, கீழ்க் கையில், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கம்பியில், கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் சுமார் 7 மி.மீ.தான் அமுங்கும். தட்டை 30 இறக்கினால் வண்டி 43 இறங்கும். அதே கணக்கு ஸ்பிரிங்குக்கு இரண்டு முறை வரும், 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பாதி. 10 கிலோ ஸ்பிரிங் போட்டேன் என்று பீற்றிக்கொள்பவரின் சக்கரத்துக்குக் கிடைப்பது 5 கிலோதான். ஸ்ட்ரட் வைத்த, அதாவது ஷாக்கே சக்கரத்துக்குப் பக்கத்தில் தூண்போல நிற்கும் வண்டிகளில் இந்த விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் பக்கத்து வீட்டு வண்டியின் ஸ்பிரிங் எண்ணைக் காப்பியடித்துப் பிரயோஜனம் இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு கல்லூரியின் கார் நிறுத்துமிடம். மிச்சிகன் பனியில் வெடித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி வெடித்த தார். மூன்றாவது வளைவு, நீளமான இடது வளைவு, வண்டி அழகாகச் சாய்ந்து பிடித்துக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு சின்ன ஒட்டு. அவ்வளவுதான், பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. வந்த திசையைப் பார்த்து நிற்கிறேன், அடியில் இரண்டு கோன்.

எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், என்னுடையதைவிடப் பழைய மியாட்டா வைத்திருப்பவர், வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பின் சக்கரத்துக்கு மேலே கையை விட்டார். ஷாக்கின் பளபளப்பான தண்டைத் தடவினார். பையிலிருந்து ஒரு கேபிள் டை எடுத்து, தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு, தண்டைச் சுற்றிக் கட்டி, ஷாக் உடம்போடு ஒட்டுமாறு கீழே நகர்த்திவிட்டார். "இப்போது போய் ஓட்டிவிட்டு வா" என்றார். வந்து பார்த்தால் டை மேலே போய் பம்ப் ஸ்டாப்புக்குள் புதைந்து கிடக்கிறது.

பம்ப் ஸ்டாப் என்பது தண்டின் மேல்முனையில் இருக்கும் அந்த நுரை ரப்பர். நாம் அதை, ஏதோ அவசரத்துக்கு இருக்கும் தடுப்பு என்று நினைக்கிறோம். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், தொட்ட பிறகு மிக வேகமாகக் கெட்டியாகிற ஸ்பிரிங். நான் வண்டியை இறக்கிய இறக்கில், நிற்கும்போதே ஷாக் உடம்புக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே 15 மி.மீ.தான் மிச்சம். வளைவில் சாய்ந்ததில் அது தீர்ந்தது, ஒட்டில் ஏறியதும் பின் வெளிச்சக்கரத்தின் ஸ்பிரிங் ஒரே கணத்தில் பல மடங்கு கெட்டியானது, டயர் தாங்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் அங்கே வேலையே செய்யவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தது ரப்பர்.

இந்த முதல் தலைமுறை மியாட்டாவில் பின்பக்கம் ஷாக் பயணம் முதலிலிருந்தே குறைவு. அடுத்த தலைமுறை வண்டியில் ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மவுண்ட்டை எடுத்துப் போட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதைத்தான் செய்தேன். அப்புறம் வண்டியை ஏற்றினேன். கதவுக்குக் கீழே தகடு மடிந்திருக்கும் அந்த விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பார்க்க முன்பு போல இல்லை. நண்பர்கள் கிண்டல் செய்தார்கள், அது கிடக்கட்டும்.

ஸ்ட்ரட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. வண்டியை இறக்க இறக்க கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டியின் எடை மையம் ஒரு அங்குலம் இறங்கினால் அது சாய்கிற அச்சு அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் சாய்வை உண்டாக்குகிறது, அது கூடிவிடுகிறது. இறக்கினால் சாய்வு குறையும் என்று நினைத்து இறக்கியவர், அதைச் சமாளிக்கவே இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வாங்குவார்.

ஸ்பிரிங் எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்குப் பிடித்த வழி, வண்டியின் ஒரு மூலை நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று கணக்குப் போடுவது. குடும்பக் கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை. இறக்கை இல்லாத ரேஸ் வண்டி இரண்டிலிருந்து இரண்டரை. என் வண்டியில் சக்கரம், பிரேக் எல்லாம் கழித்து ஒரு மூலைக்கு சுமார் 220 கிலோ. பழைய 10 கிலோ ஸ்பிரிங்கில் அது 2.4 வரும். ஆபீஸ் போகிற வழியில் ஐ-94 நெடுஞ்சாலையின் கான்கிரீட் இணைப்புகள் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தந்தி அடித்தது இதனால்தான். முன்னால் 8, பின்னால் 5 என்று மாற்றினேன், முன்பக்கம் இப்போது 2.1. வேடிக்கை என்னவென்றால், கோன்களுக்கு நடுவிலும் வண்டி வேகமாகிவிட்டது, ஏனென்றால் அந்த உடைந்த தாரில் டயர் தரையை விடாமல் ஓடுகிறது. லிங்கனில் இருப்பது நல்ல பிடியுள்ள கான்கிரீட் தளம், அங்கே போகிறவர்கள் கெட்டியாக வைக்கக் காரணம் இருக்கிறது. என் ஊரில் எனக்கு அந்தக் காரணம் இல்லை.

ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தட்டை மேலே திருகினால் ஸ்பிரிங் இறுகும், அதனால் வண்டி கெட்டியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. என் முன் ஸ்பிரிங் மேல் வண்டி உட்கார்ந்தால் அது 40 மி.மீ. அளவு அமுங்கும். தட்டை எங்கே வைத்தாலும் அதே பாரம், அதே 40. வண்டி உயரும், அவ்வளவுதான்.

ஷாக்குக்கு வருவோம். ஸ்பிரிங் வாங்கிய சக்தியை அது கட்டுப்பாடில்லாமல் திருப்பிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என்று இரண்டு வகை. ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் அழுத்த வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கும், எண்ணெய் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். 1957-இல் பில்ஸ்டைன் இதை மெர்சிடிஸ் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. அதற்காக இரட்டைக் குழாயை ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு நிமிட ஓட்டத்துக்கும் ஆபீஸ் பயணத்துக்கும் நல்ல இரட்டைக் குழாய் தாராளமாகப் போதும். 1000 டாலருக்கும் செட் கிடைக்கும், 3000-க்கு மேலும் கிடைக்கும். விலை குறைந்ததில் 30 கிளிக், அதாவது ஷாக்கின் கெட்டித்தனத்தை மாற்றும் திருகில் 30 படி, இருக்கலாம், அதில் முதல் இருபது ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். நான் விற்பவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஷாக்கை இயந்திரத்தில் வைத்து அளந்த வரைபடம் இருக்கிறதா, எந்த ஸ்பிரிங்குக்கு வால்வு அமைத்தது? பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுவேன்.

கிளிக்கை எப்போதும் முழுக்க மூடிய இடத்திலிருந்து எண்ணுங்கள், அதுதான் நிச்சயமான இடம். ஒற்றைத் திருகு இருக்கும் பல ஷாக்குகளில் அது முக்கியமாக ரீபவுண்டை, அதாவது ஷாக் நீளும் வேகத்தை மாற்றுகிறது. அதிகமாக மூடினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேடு மேடாக வண்டி கீழே இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் மறுபடி அந்த ரப்பரில் போய் உட்காரும். அதனால் நடுவில் ஆரம்பித்து இரண்டு இரண்டு கிளிக்காக மூடிப் பார்த்து, வண்டி துள்ள ஆரம்பித்ததும் இரண்டு திரும்பி வாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், ஷாக் பேசுவது வண்டி அசைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான். கோன்களுக்கு நடுவே இடமும் வலமும் மாறும்போது பின்பக்கம் தாமதமாக வந்தால் கிளிக்கைத் தொடலாம். நீண்ட வளைவின் நடுவில், எல்லாம் அடங்கிய பிறகு, முன்பக்கம் வழுக்கினால் கிளிக் உதவாது. கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணத்தைப் பாருங்கள், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைப் பாருங்கள், அதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள். காற்று இலவசம்.

மூலை எடை பார்ப்பது ஒரு நாள் வேலை. நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வேண்டும், நான் கிளப்பில் இரவல் வாங்கினேன். ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அது பொய் சொல்லும். முக்கியமாக ஓட்டுநர் சீட்டில் ஓட்டுநர் எடை இருக்க வேண்டும். தட்டைத் திருகுகிறவன் நான், சீட்டில் யார்? 20 பவுண்டு சோனா மசூரி பை எட்டு. 160 பவுண்டு, ஏறக்குறைய நானேதான். இடது முன் மூலையை ஏற்றினால் அங்கேயும் குறுக்கே வலது பின்னாலும் எடை கூடும். குறுக்கு எடை பாதிக்குப் பாதி வரும் வரை அரை அரைச் சுற்றாகத் திருகினேன். ஒரு பையின் தையல் பிரிந்துவிட்டது. இன்றைக்கும் சீட்டைப் பின்னால் தள்ளினால் தண்டவாளத்திலிருந்து அரிசி விழுகிறது.

வாங்குவதற்கு முன் விதிப்புத்தகத்தையும் ஒரு முறை பாருங்கள். எஸ்.சி.சி.ஏ.வின் ஸ்ட்ரீட் வகுப்பில் ஷாக்கை மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. காயிலோவர் மாட்டினால் ஸ்ட்ரீட் டூரிங் போன்ற வகுப்புக்குப் போய்விடுவீர்கள், அங்கே இருப்பவர்கள் இதற்காகவே பிறந்தவர்கள். அப்புறம், பனிக்காலத்தில் உப்புக் கொட்டும் ஊரில் இருந்தால் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, இறுகாமல் இருக்கும் கிரீஸைப் பூசி வையுங்கள். ஒரு முறை விட்டால் அடுத்த வருடம் சுத்தியலோடு பேச வேண்டியிருக்கும்.

போன மாதம் கடைசி ஓட்டம் முடிந்து வந்து வழக்கம்போலச் சக்கரத்துக்கு மேலே கையை விட்டேன். வலது பின்னால் டைக்கும் ரப்பருக்கும் நடுவே சுண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி, இடது பக்கம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். கோன் ஒன்றும் விழவில்லை. வகுப்பில் ஏழாவது வந்தேன். முதலாவது வந்தது அந்தப் பெரியவர். அவர் வண்டி என்னுடையதைவிட ஒரு விரற்கடை உயரம். ஸ்பிரிங் எத்தனை கிலோ போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன், "உன் டை எங்கே நிற்கிறது, அதை முதலில் சொல்" என்றார்.

மனைவி சொன்னது பொய். நாலு சக்கரத்தையும் முடித்துவிட்டேன். நன்றி, வணக்கம்.