பிடி அரிசியும் மூன்றாம் மாடியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சிறிய தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் பதினோரு ஆண்டுகள் செயலராக இருந்தவன் நான். நகர்ப்புற ஆலயத்தின் சமூகப் பணி, வளர்ச்சித் திட்டம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் சிறிது. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறேன். அது ஒரு பழைய பால்மாவு டப்பா.

கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் 'பிடி அரிசி' என்றால் புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்கும்போது வீட்டாருக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுக்கிறோம் அல்லவா? அளந்த அந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து இந்த டப்பாவில் போட வேண்டும். மூட்டையிலிருந்து அல்ல, அளந்ததிலிருந்து. இதை என் அம்மா பாளையங்கோட்டையில் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டையிலிருந்து எடுத்தால் அது தானம். அளந்ததிலிருந்து எடுத்தால் உன் பங்கு குறைகிறது, அதுதான் காணிக்கை என்பார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுபோய் ஆலயத்துச் சாக்கில் கொட்டுவோம். வடகிழக்கே மிசோரமில் இதே வழக்கம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அங்கே திருச்சபையின் வருமானத்தில் அது ஒரு முக்கியமான பங்கு.

கைப்பேசியில் பணம் அனுப்புகிற காலத்தில் இது எதற்கு என்று எங்கள் இளைஞர்கள் கேட்பார்கள். பணம் ஒன்றாம் தேதி ஒரு முறை நினைவுக்கு வரும், தம்பி. அரிசி தினமும் நினைவுக்கு வரும். ஆனால் பிடி அரிசிக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, இன்னொரு வீட்டில் பொங்கலுக்கு வாங்கிய பச்சரிசி. எல்லாம் ஒரே சாக்கில். அதை அப்படியே வடித்தால் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விதையாக நிற்கும். ஆகவே நாங்கள் சமைப்பதில்லை, ஏலம் விட்டுவிடுவோம்.

2015 நவம்பர் 29, ஞாயிறு. மழையால் ஏலம் கேட்க ஆளில்லை. சாக்கு குருவானவர் அறையிலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 1, நாள் முழுதும் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து இரவில் அடையாறு கரையோரக் குடிசைகளுக்குள் வந்துவிட்டது. எங்கள் மண்டபம் தெருவைவிட ஏழு படி உயரம். கதவைத் திறந்தோம். விடிவதற்குள் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மின்சாரம் இல்லை, கடை இல்லை. இருந்தது இரண்டு சிலிண்டரும் அந்தச் சாக்கும்தான். ஆலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் சாக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சோறாக்க முடியாது ஐயா, கஞ்சிதான்" என்றார்கள். கஞ்சியில் எந்த அரிசியும் கரைந்துவிடும் அல்லவா? புதன், வியாழன் இரண்டு நாளும் அந்தக் கஞ்சிதான். யார் வீட்டுப் பிடி யார் வயிற்றுக்குப் போனதோ!

அப்போது எங்கள் மண்டபத்தில் மாலை வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரைப் பிள்ளைகள் நாற்பது பேர், ஆறு மணி முதல் எட்டு மணி வரை. வகுப்பில் ஜெபம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கணக்கு, ஆங்கிலம், பிறகு ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளத்திலிருந்து வேறு எதையும் எடுக்காமல் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் நனைந்துபோயிருந்தன. ஆலயத்தின் பெஞ்சுகளில் விரித்து வைத்தோம். தமிழ்ப் புத்தகம் எப்படியோ பிழைத்துவிட்டது. அறிவியல் புத்தகம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது. அந்தச் செங்கல்லையும் அவள் விடவில்லை, பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்தது. கரையோரக் குடிசைகளை அகற்றி, குடும்பங்களுக்கு நகரத்தின் ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் வீடு ஒதுக்கினார்கள். கதவும் கழிப்பறையும் உள்ள வீடு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் நாற்பது பிள்ளைகள் ஒன்பது பேர் ஆனார்கள். "மாலை வகுப்புக்குத் தேவை குறைந்துவிட்டதால் நிறுத்தலாம்" என்று, ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. எழுதியவன் நான்தான். தேவை எங்கே குறைந்தது? அது இரண்டு பஸ் மாறிப் போயிருந்தது.

அதன் பிறகுதான் வளர்ச்சித் திட்டம் வந்தது. மூன்றாம் மாடி, மின்தூக்கி, கீழே கார் நிறுத்தம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலேயே நிதி சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். அந்த ஏலத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார். அதே பழம் மூன்று முறை விற்கும். சரி, அதை விடுவோம்.

மூன்றாம் மாடி யாருக்கு என்று கேட்டேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டு நாளும் இடம் போதவில்லை என்றார்கள். உண்மைதான். மற்ற ஞாயிறெல்லாம் பாதிப் பெஞ்சு காலி. எங்கள் சபையாரே மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் என்று வீடு கட்டிப் போய்விட்டார்கள். நகரத்தின் நடுவே ஆலயங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு மிஷனரிச் சங்கமும் தனக்கென்று ஒன்று கட்டியது. 1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவற்றில் பலவற்றின் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றானபோது, பக்கத்துப் பக்கத்து ஆலயங்கள் ஒரே குடும்பத்துச் சொத்தாகிவிட்டன. நடுவில் நெருக்கம், ஓரத்தில் வெறுமை.

இங்கேதான் என் கணக்கு. சபையார் தாமாகப் போனார்கள், பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் இருவரும் போனது ஒரே திசை, தெற்கு. மேடவாக்கத்தில் இருக்கிற எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்குப் பெரும்பாக்கம் அடுத்த ஊர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பிள்ளைகளிடம் போக ஒரு ஷேர் ஆட்டோ போதும். ஆலயம் உயரமாக வளர வேண்டாம், தெற்கே வளரட்டும் என்று கமிட்டியில் மூன்று கூட்டம் தொடர்ந்து சொன்னேன். மூன்றாவது கூட்டத்தில் பொருளாளர், "பெரும்பாக்கத்தில் ஓர் அறைக்கு ஆறு மாத வாடகை தருகிறோம், ஐயா இனிமேலாவது உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

முதியோரை வீடு தேடிச் சென்று பார்க்கும் பணியைப் பற்றியும், கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லாததைப் பற்றியும் பேசக் குறித்து வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம் போலிருக்கிறது. முதியோர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பெரும்பாக்கத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று. வாரம் மூன்று மாலை வகுப்பு. பாய் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கரும்பலகைதான் இன்னும் வாங்கவில்லை. இந்த மாதத்துப் பிடி அரிசி ஏலப் பணத்தில் வாங்கிவிடுவோம். வணக்கம்.