காத்துலயே ஓடற வீல்சேர், கடலுக்கடியில அரட்டை! மாற்றுத்திறனாளிங்க டூர் போனா இதெல்லாம் பண்ணலாம்னு தெரியுமா?

பேட்டரி கிடையாது, ஆனா ஓடும். முழுக்க முழுக்க காத்தாலேயே ஓடற வீல்சேர், அதுவும் தண்ணில நல்லா நனைஞ்சுக்கிட்டே! க்ளிக்குக்காக அடிச்சு விடறேன்னு நினைக்காதீங்க. சரி, க்ளிக்குக்காகவும்தான், ஆனா விஷயம் நிஜம்.

வணக்கம் மக்களே! லீவுக்கு டூர் போற மாற்றுத்திறனாளிங்க, மத்தவங்க ஆடறதை ஓரமா உக்காந்து பாத்து, எல்லாரோட பையையும் காவல் காத்துட்டு வர்றதைத் தவிர என்னென்ன பண்ணலாம்னுதான் இன்னிக்கு பாக்கப்போறோம்.

பேக்ரவுண்ட் ஒரே வரி, ஸ்கிப் பண்ணாதீங்க: விளையாட்டு, பொழுதுபோக்கு, சுற்றுலா எல்லாமே மாற்றுத்திறனாளிகளோட உரிமைன்னு 2006ல வந்த ஐநா உடன்படிக்கையோட 30வது பிரிவே சொல்லுது. அவ்ளோதான், முடிஞ்சுது.

[திரையில்: தண்ணி பீச்சியடிக்கிற பூங்கா]

அமெரிக்காவுல டெக்சாஸ், சான் அன்டோனியோவுல மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்னு ஒரு தீம் பார்க் இருக்கு. கார்டன் ஹார்ட்மேன்னு ஒருத்தர் குடும்பத்தோட டூர் போயிருக்கார், அங்க நீச்சல் குளத்துல விளையாடிட்டு இருந்த பசங்ககிட்ட இவரோட பொண்ணு ஆசையா போக, அந்தப் பொண்ணுக்கு மாற்றுத்திறன் இருக்கறதால எப்படிப் பழகறதுன்னு தெரியாம பசங்க குளத்தை விட்டே ஏறிப் போயிட்டாங்க. அந்த வலியில ஆரம்பிச்சதுதான் இந்த பார்க். 2010ல திறந்தாங்க, மாற்றுத்திறனாளிங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

2017ல பக்கத்துலயே வாட்டர் பார்க்கும் வந்துச்சு, அப்பதான் சிக்கல். பவர் வீல்சேரைத் தண்ணிக்குள்ள விட்டா பேட்டரியும் சர்க்யூட்டும் காலி. அதுக்கு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆளுங்க ஒரு வீல்சேர் பண்ணாங்க, அழுத்தம் ஏத்தின காத்தை சிலிண்டர்ல அடைச்சு, அது வெளிய வர்ற வேகத்துல மோட்டாரைச் சுத்த விடறாங்க. சுமார் 36 கிலோதான், பெரிய பவர் வீல்சேர் 150 கிலோவைத் தாண்டும்! அதை ராத்திரி முழுக்க சார்ஜ் போடணும், இதுக்கு பத்தே நிமிஷத்துல காத்து ரொப்பிடலாம். எனக்கு இதுல புடிச்சது டெக்னாலஜி இல்லீங்க, தண்ணிக்குள்ள எங்க போகணும்னு உக்காந்திருக்கவங்களே முடிவு பண்றாங்க பாருங்க, அதுதான்.

இதே கணக்கை பீச்சுக்குப் போட்டுப் பாருங்க. பலூன் மாதிரி குண்டு சக்கரம் வச்ச பீச் வீல்சேர் ஃபோட்டோவுல சூப்பரா இருக்கும், மணல்ல புதையாது, சிலது தண்ணில மிதக்கவும் செய்யும். ஆனா பெரும்பாலானதை கையால நாமளே உருட்ட முடியாது, பின்னாடி ஒரு ஆள் தள்ளியாகணும். மணல் மேல விரிக்கிற பாய் இருக்கே, பாக்க ஒண்ணுமே இல்ல, ஆனா சொந்த வீல்சேர்லயே கரை வரைக்கும் போயிடலாம். என் ஓட்டு பாய்க்குத்தான். கிரீஸ் நாட்டுல நூத்துக்கும் மேல பீச்ல தண்டவாளம் மாதிரி ஒண்ணு கடலுக்குள்ள போகுது, சோலார்ல ஓடற சீட், ரிமோட் நம்ம கையில, அமுக்கினா நேரா தண்ணிக்குள்ள இறக்கி விட்டுடும்.

[திரையில்: கடலுக்கடியில டைவர்கள்]

இப்ப என் ஃபேவரிட், ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டு கடலுக்கடியில நீந்தறது. வீடியோ பாதி இதுலயே போயிடும், பரவாயில்லல்ல?

தண்ணிக்குள்ள எடை தெரியாது, படிக்கட்டு கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. கால் அசையாதவங்க கைக்கு வாத்துக்கால் மாதிரி சவ்வு வச்ச க்ளவுஸ் மாட்டிக்கிட்டு கையாலயே நீந்தறாங்க. கால் மேல மேல மிதந்து ஆளையே கவுத்துப் போடும், அதனால கணுக்கால்ல சின்னச் சின்ன வெயிட் கட்டி சமன் பண்றாங்க. 1981லயே கலிஃபோர்னியாவுல ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன்னு இதுக்குன்னே அமைப்பு ஆரம்பிச்சிட்டாங்க. அவங்க முறை எனக்கு ரொம்பப் புடிக்கும், என்ன நோய்னு பாக்க மாட்டாங்க, தண்ணிக்குள்ள தன்னையும் பாத்துக்கிட்டு கூட வர்றவருக்கும் உதவ முடியுமான்னு பாப்பாங்க. முடிஞ்சா, கூட வர ஒரு ஆள் போதும், முடியலன்னா ரெண்டு பேர், இன்னும் உதவி வேணும்னா அந்த ரெண்டுல ஒருத்தர் மீட்புப் பயிற்சி எடுத்தவரா இருக்கணும். "உன்னால முடியாது"ன்னு கதவைச் சாத்தல பாருங்க, எத்தனை பேர் கூட வரணும்னு மட்டும்தான் கணக்கு.

இன்னும் ஒரு படி மேல, 2012ல பிரிட்டிஷ் கலைஞர் சூ ஆஸ்டின், ப்ரொப்பல்லர் வச்ச வீல்சேர்லயே கடலுக்கடியில பறந்தாங்க. பறந்தாங்கன்னுதான் சொல்லணும், அந்த வீடியோவைப் பாத்துட்டு வந்து சண்டை போடுங்க.

ஆனா இதெல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற விஷயம் ஒண்ணு இருக்கு. கடலுக்கடியில, சிலிண்டர் காத்தை மூச்சுக்குக் குடுக்கற ரெகுலேட்டரை வாயில கடிச்சுக்கிட்டு யாராலயும் சாதாரணமா பேச முடியாது. காது நல்லா கேக்கற டைவருக்கு ஓகே, மேல போ, காத்து எவ்ளோ மிச்சம், இப்படி கொஞ்சம் கை சிக்னல்தான் தெரியும். சைகை மொழி பேசற காது கேளாதவங்க? அவங்க அந்த மீனைப் பாரு, நேத்து பாத்ததை விட பெருசு, உன் மாஸ்க்ல தண்ணி ஏறுது, மதியம் என்ன சாப்பிடலாம்னு ஃபுல் அரட்டை! பக்கத்துல நம்மாளு கட்டைவிரலைத் தூக்கறதா வேணாமான்னு முழிச்சுக்கிட்டு இருப்பார். டைவிங்ல கட்டைவிரலைத் தூக்கினா "சூப்பர்"னு அர்த்தம் இல்ல, "மேல போகலாம்"னு அர்த்தம், தெரியாம லைக் போட்டீங்கன்னா டைவ் முடிஞ்சுது. இங்க வீடியோவுக்கு மட்டும் போடுங்க, ப்ளீஸ்.

பனிச்சறுக்குக்கு சீட்டுக்கு அடியில ஒரே ஒரு ஸ்கீ பலகை வச்ச மோனோ ஸ்கீ இருக்கு, அதுக்குத் தனி வீடியோ வரும். மலையேற்றத்துக்கு ஜோலெட்னு ஒத்தைச் சக்கரம் வச்ச ஒரு சீட் இருக்கு, 1987ல பிரான்ஸ்ல ஒரு மலை வழிகாட்டி தன் சொந்தக்காரப் பையனுக்காகப் பண்ணது, முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் புடிச்சுக்கிட்டா கல்லு முள்ளு பாதையிலயும் போகும்.

ஒரு சீரியஸ் மேட்டர். கால்ல உணர்ச்சி இல்லாதவங்களுக்கு குளத்தோட சொரசொர தரையில தோல் உரிஞ்சாலும் தெரியாது, வெயில்ல காய்ஞ்ச மணல் சுட்டாலும் தெரியாது, அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்காகும். நடக்கப்போறதில்லையே, ஷூ எதுக்குன்னு விடாதீங்க, தண்ணில போடற மெத்துன்னு இருக்கற ஷூவை மாட்டிக்கிட்டே இறங்குங்க. முதுகுத்தண்டோட மேல் பகுதியில அடிபட்டவங்களுக்கு உடம்பு சூட்டை சரியா கட்டுப்படுத்த முடியாம போகலாம், டாக்டர்கிட்ட கேக்காம டைவிங் புக் பண்ணாதீங்க.

புக் பண்றப்போ "வீல்சேர் வசதி இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் "இருக்கு சார்"னுதான் சொல்லுவாங்க. டாய்லெட் கதவு எத்தனை சென்டிமீட்டர், தூக்கி இறக்கற ஹாய்ஸ்ட் எத்தனை கிலோ தாங்கும், படகுக்குள்ள மாத்தி உக்கார வைக்கப்போறது யாரு, அவங்களுக்குப் பயிற்சி இருக்கா, கூட வர்றவங்களுக்கும் டிக்கெட்டா, இதைக் கேளுங்க. கதவை டேப் வச்சு அளந்து ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்பத் தயங்கற இடத்துக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க. இதுல எதையாவது நீங்க பண்ணியிருந்தா கமென்ட்ல எழுதுங்க, முக்கியமா பீச் வீல்சேர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவங்க வாங்க, உங்ககூட சண்டை போட நான் ரெடி.