உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: பழைய பகல் கவுனும் இன்றைய நகலும்

வணக்கம். நான் இப்போது போட்டிருப்பது பச்சைக் கட்டம் போட்ட கவுன். இணையத்தில் வாங்கியது. ‘1950களின் பாணி’ என்று சொல்லி விற்றார்கள். இறுகப் பிடிக்கும் இடுப்பு, கீழே குடை விரிந்தாற்போல் பாவாடை, கையில்லாத தோள், முதுகில் ஜிப். அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 1950இல் லண்டனில் காலையில் காய்கறி வாங்கப் புறப்பட்ட ஒரு பெண் என்னை இந்தக் கோலத்தில் பார்த்திருந்தால், “இந்நேரத்தில் எந்த விருந்துக்குக் கிளம்பிவிட்டாய்?” என்று கேட்டிருப்பாள்.

அந்தக் காலத்தில் அங்கே உடைக்கு நேரம் உண்டு. வீட்டு வேலைக்கும் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் பகல் உடை, இரவு விருந்துக்கு மாலை உடை. இன்று பழைய பாணி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மாலை உடையின் உருவத்தைப் பருத்தித் துணியில் வெட்டியவை. ‘பழசு’ என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய முதல் தொகுப்பின் சாயல். ஒடுங்கிய இடுப்பு, மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் பாவாடை. ‘ஹார்பர்ஸ் பஜார்’ என்ற அமெரிக்க ஃபேஷன் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ அதை ‘நியூ லுக்’ என்றார், பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஒரு படம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, மேசைக்கு வாருங்கள். கேமராவை இறக்குகிறேன்.

இது லண்டனில் இருக்கும் என் சித்தி பழைய துணிச் சந்தையில் எனக்காக வாங்கி அனுப்பிய கவுன். கருநீல ரேயான், அதில் மிளகு அளவு வெள்ளைப் புள்ளிகள். கழுத்துக்குப் பின்னால் இந்தத் துணிப்பட்டையைப் பாருங்கள். ஒரு துண்டு வெட்டியெடுத்த வட்டம் போல இரண்டு ‘சி’ எழுத்துகள், பக்கத்தில் 41. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசின் ‘யுடிலிட்டி’ திட்டத்தில் தைத்த உடைகளுக்கு இட்ட முத்திரை இது. பார்வைக்குப் பாலாடைக்கட்டி போல இருந்ததால் மக்கள் இதைச் ‘சீஸ்’ என்றே கூப்பிட்டார்கள்.

1941 ஜூன் 1 அன்று அங்கே துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். கம்பளிக் கவுனுக்கு 11 கூப்பன், பருத்தி அல்லது ரேயான் கவுனுக்கு 7. காசு இருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிறகு கூப்பன் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். 1942இல் தையலுக்கே கட்டுப்பாடு வந்தது. ஒரு கவுனுக்கு இரண்டு பைகளுக்கு மேல் கூடாது, ஐந்து பட்டன்களுக்கு மேல் கூடாது, பாவாடையில் ஆறு தையலுக்கு மேல் கூடாது. கொசுவத்துக்கும் கணக்கு. இதைக் கேட்டதும் சாக்குப்பை போன்ற உடையைக் கற்பனை செய்யாதீர்கள். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற பெரிய வடிவமைப்பாளர்களைக் கொண்டு மாதிரிகள் வரையச் செய்தார்கள். இந்தக் கவுனின் தோளைப் பாருங்கள். இவ்வளவு சிக்கனத்திலும் தோள்பட்டையில் சின்னச் சுருக்கு வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள்.

இப்போது உட்புறத்தைத் திருப்புகிறேன். எனக்கு இந்த உடையில் மிகவும் பிடித்த இடம் இது.

கீழ் மடிப்புக்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில் ஒரு கோடு ஓடுகிறது, தெரிகிறதா? அந்தக் கோட்டில் மட்டும் கருநீலம் வெளுத்திருக்கிறது. அங்கேதான் முதலில் மடிப்பு இருந்திருக்கிறது. யாரோ அதைப் பிரித்து, துணியை முழுவதுமாகக் கீழே இறக்கி, உள்ளே வேறொரு கருநீலத் துணியில் பட்டை கொடுத்துக் கையால் தைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் முழங்காலை ஒட்டி இருந்த பாவாடை நீளம் டியோருக்குப் பிறகு சட்டென்று கீழே இறங்கியது. பிரிட்டனில் 1949 மார்ச் வரை துணி ரேஷன் தொடர்ந்தது. புதுக் கவுனுக்குக் கூப்பன் இல்லாதவள் பழைய கவுனைத்தான் இறக்க வேண்டும். இந்தக் கோடு அப்படி வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பச்சைக் கவுனின் உட்புறம் இது. ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டிவிட்டார்கள். அரை அங்குலம்கூடப் பிரித்துவிட முடியாது. நம் தையல்காரர் ஜாக்கெட்டின் பக்கத் தையலில் மூன்று நான்கு வரிசை போட்டு, உள்ளே துணி விட்டுத் தருகிறாரே, அது எதற்கு? உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அதே ஜாக்கெட் உழைக்கத்தானே. பழைய பகல் கவுனைத் தைத்தவர்களுக்கும் அதே கணக்கு இருந்தது.

அடுத்து, திறப்பு. கருநீலக் கவுனில் முதுகுப் பக்கம் எதுவும் இல்லை. இடது அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைத் தாண்டும் வரை கொக்கியும் பிரஸ் பட்டனும். ஜிப் இருந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள். போர்க்காலத்தில் ஜிப் அரிதாகிவிட்டது. பக்கத் திறப்பு இருந்தால் தனியாக வாழும் பெண்ணும் யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். முதுகு ஜிப்பை ஏற்ற நான் காலையில் கண்ணாடி முன் ஆடும் ஆட்டத்தைப் படம் பிடித்தால் அதுவே தனி வீடியோ ஆகிவிடும். சுடிதாருக்குப் பக்கத்தில் ஜிப் வைத்துப் பழகிய நம் ஊர்த் தையல்காரரிடம் இதை விளக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதைவிட எளிய ஒரு வழி இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில், ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய உணவுத் துறையின் பெயரால் பரவிய ‘ஹூவர் ஏப்ரன்’. முன்பக்கத்தில் இரண்டு பாதியும் ஒன்றன் மேல் ஒன்று முழுவதுமாகப் படியும், இடுப்பில் நாடா. சமைக்கும்போது மேல் பாதியில் குழம்பு தெறித்துவிட்டதா? வாசலில் யாரோ மணி அடிக்கிறார்களா? அவிழ்த்து, உள்ளே இருக்கும் சுத்தமான பாதியை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கலாம். 1930களில் இதே வெட்டு ‘ஹூவரெட்’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருந்தது. இந்த மூளையை இன்றைய நகல்களில் நான் எங்கும் பார்க்கவில்லை.

1942இல் கிளேர் மெக்கார்டல் என்ற வடிவமைப்பாளர் அந்த எண்ணத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். வேலையாட்கள் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால் தாங்களே அடுப்படியில் நிற்க வேண்டிய பெண்களுக்கு ஓர் உடை வேண்டும் என்று ‘ஹார்பர்ஸ் பஜார்’ கேட்டது. அவர் தைத்ததுதான் ‘பாப்ஓவர்’. சுற்றிக் கட்டும் வெட்டு, முழங்கை மடக்க இடைஞ்சல் தராத தளர்ந்த கை, தொடையில் ஒரு பெரிய பை. கூடவே அதே உடைக்குப் பொருத்தமாக, சூடான பாத்திரம் பிடிக்க ஒரு கையுறை! விலை 6.95 டாலர். நவீன உடை வரலாற்றில் டியோரைவிட இந்த அம்மாளுக்குத்தான் என் ஓட்டு.

அப்படியானால் விரிந்த பாவாடை பகலில் இருந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1946இல் தொடங்கிய ஹாராக்ஸஸ் ஃபேஷன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பெரிய பூப்போட்ட பருத்திக் கவுன்களுக்குப் பேர்போனது. இரண்டாம் எலிசபெத் மகாராணி 1953–54 காமன்வெல்த் சுற்றுப்பயணத்துக்கு அவற்றை எடுத்துப் போனார். ஆனால் விலை கொஞ்சம் அதிகம். தேன்நிலவுக்கும் கடற்கரை விடுமுறைக்கும் பணம் சேர்த்து வாங்கிய பெண்கள் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் தரை துடைக்கவில்லை.

நம் பக்கத்துத் துணிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, மெட்ராஸ் கட்டம். 1958இல் துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் வாங்கிய துணி அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் துணிக்கடைக்குப் போனது. துவைத்ததும் சாயம் போய், வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் ‘சாயம் போவது உறுதி’ என்பதையே பெருமையாக விளம்பரம் செய்துவிட்டார்கள். நம் ஊரில் இப்படிச் சொல்லி ஒரு புடவை விற்றுப் பார்க்கட்டும்!

கருநீலக் கவுனை நான் வெளியில் போடுவதில்லை. ரேயான் நனைந்தால் பலம் இழக்கும், சென்னை வியர்வையில் அக்குள் கிழிந்துவிடும். அதைப் பிரிக்காமல், மேலே தாள் வைத்து அளவெடுத்து, எங்கள் தெருத் தையல்காரரிடம் பருத்தியில் தைக்கக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் தைப்பதாக இருந்தால் நான் அவரிடம் சொன்ன இவற்றை உங்கள் தையல்காரரிடம் கேளுங்கள்: பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி, கீழே மூன்று அங்குல மடிப்பு, முழங்கை வரை கை, ஜிப் இடப்பக்கம். பை கட்டாயம். “கவுனுக்குப் பை எதற்கும்மா?” என்று எங்கள் தையல்காரர் கேட்டார். என் போனை மேசையில் வைத்துக் காட்டி, “இது உள்ளே போய் நிற்க வேண்டும் அண்ணா” என்றேன். உடனே ஒரு பழைய லைனிங் துணியை எடுத்துப் போனைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.