அயர்லாந்தில் கோயில்கள் காலியானதற்குத் திருச்சபையே காரணம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்தில் ஞாயிறு பூசைக்குக் கூட்டம் குறைந்துபோனது மாறிவிட்ட வாழ்க்கையாலா, திருச்சபையின் தவறுகளாலா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், படிப்பு வந்தது, டிவி வந்தது, கையில் காசு வந்தது, சாமி மறந்துபோச்சு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நானும் பூசை தவறாத கத்தோலிக்கன்தான். மனம் நொந்துதான் சொல்கிறேன், தவறு திருச்சபை மேல்தான்.

1979ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பூசை வைத்தபோது பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள், அன்றைக்கு நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 34 லட்சம்தான். 2018ல் அதே பூங்காவுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் வந்தார், கூடியது ஒன்றரை லட்சம் பேர் அளவுதான்.

நடுவில் என்ன நடந்தது? அண்ணன் சொன்ன டிவி 1960களிலேயே வந்தாச்சு, இலவச உயர்நிலைக் கல்வி 1967ல் வந்தாச்சு. அப்புறமும் 1990 வாக்கில் பத்தில் எட்டுப் பேர் வாராவாரம் பூசையில் இருந்தார்களே, அது எப்படி? பெரிய சரிவு அதற்குப் பிறகுதான். 1994ல் பிரெண்டன் ஸ்மித் என்ற குருவின் விவகாரம் வெடித்தது. 40 ஆண்டுகளாகக் குழந்தைகளைச் சீரழித்த அந்த ஆளை, விஷயம் தெரிந்த பிறகும் ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அந்த வழக்கைக் கையாண்ட விதத்தால் அரசாங்கமே கவிழ்ந்தது. குருக்கள் மீதான புகார்கள் எப்படிக் கையாளப்பட்டன என்று விசாரித்து 2009ல் வந்த மர்ஃபி அறிக்கை, பேராயரின் கீழுள்ள டப்ளின் உயர்மறைமாவட்டத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் கொடுமை: பிள்ளைகளின் பாதுகாப்பைவிட ரகசியமும் திருச்சபையின் பேரும் சொத்தும்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தன.

டுவாம் என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமல் தாயானவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் என்று 1925 முதல் 1961 வரை கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் அங்கே ஓர் இல்லம் நடத்தினார்கள். கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், அங்கே இறந்த பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்களைத் தன் காசைக் கட்டி வாங்கிச் சேர்த்தார். 796 பெயர்கள். அடக்கம் செய்த பதிவைத் தேடினால் ஏறக்குறைய யாருக்குமே இல்லை. பிறகு தோண்டிப் பார்த்தபோது பழைய கழிவுநீர்த் தொட்டியோடு சேர்ந்த நிலத்தடி அறைகளில் பச்சைக் குழந்தைகளின் எலும்புகள் கிடந்ததை 2017ல் விசாரணை ஆணையமே உறுதி செய்தது. ஜெபம் சொல்லி அடக்கம் செய்ய ஒரு சாண் மண் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு! இதைப் படித்த ஒரு தாய், அடுத்த ஞாயிறு எந்த மனதோடு பெஞ்சில் முழங்காலிடுவாள்?

வசதி பெருகியதும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை, 1990களில் அந்த நாடு வேகமாகப் பணக்கார நாடானது உண்மை. ஆனால் வசதி வந்து பக்தி செத்தது என்றால், ஜூலை மாதக் கடைசி ஞாயிறு அங்கே பக்தர்கள் யாத்திரை போகிற குரோ பாட்ரிக் மலைக்கு வந்து பாருங்கள் அண்ணே. 764 மீட்டர் உயரம், உச்சிக்குப் போகப் போகக் காலுக்கடியில் சரளைக்கல் சரியும், அதில் சிலர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். 2022 கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு 69 பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றுதான் பதிந்திருக்கிறார்கள்.

மலை ஏறுகிறவருக்குத் தெருமுனைக் கோயிலுக்கு நடக்க முடியாதா? நேரமும் இருக்கிறது, சாமி மேல் பற்றும் இருக்கிறது. பலிபீடத்தில் நிற்கிறவர்களின் பேச்சை நம்பத்தான் அவர்களுக்கு மனசு வரவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்லும்போது அந்த 796 பெயர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.