பத்தொன்பது வயதில் லோமு

(வேலூரில் ஒரு விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும், ஆடிய வேர்வை காயாமல் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வேலூரில் விளையாட்டு விழா என்றால் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் பெயர் வராமல் இருக்காது. வரட்டும். 2014இல் கிளாஸ்கோ, 2018இல் கோல்டு கோஸ்ட் என்று காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் இரண்டு தங்கம் வாங்கியவர். நான் இன்றைக்குப் பேசப்போவது இங்கே அதிகம் ஆடாத ரக்பியைப் பற்றி. ஆள், நியூசிலாந்தின் ஜோனா லோமு.

அணிக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிடம், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். கையால் முன்னால் வீசக்கூடாது. எதிரணி கட்டிப் பிடித்துச் சாய்க்கும். கபடி ஆடுகிறவர்களுக்குப் பாதி இப்போதே புரிந்திருக்கும்.

டோங்கா தீவிலிருந்து வந்த குடும்பம் லோமுவுடையது. 1994இல் பிரான்சுக்கு எதிராக நாட்டு அணியில் இறங்கும்போது வயது 19. அந்த அணிக்காக நாடுகளுக்கு இடையிலான டெஸ்ட் ஆட்டத்தில் அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் இறங்கியதில்லை. வந்ததும் தூள் கிளப்பினாரா? அதுதான் இல்லை. இரண்டு ஆட்டம், இரண்டிலும் அணி தோற்றது. பள்ளியில் முன்வரிசையில் முட்டி மோதும் ஃபார்வர்டாக ஆடிய பையனை, மைதானத்தின் ஓரத்தில் ஓடும் விங்கில் நிறுத்தியிருந்தார்கள். எங்கே நிற்பது என்றே தடுமாறினார். அடுத்த வருடம் உலகக் கோப்பைக்கு முந்தைய முகாம்களில் ‘உடம்பு தயாராகவில்லை, மூச்சு வாங்குகிறது’ என்று அவர் பெயர் கடைசிவரை ஊசலாடியது.

ஒருவழியாகச் சேர்த்தார்கள். கேப் டவுனில் அரையிறுதி, எதிரே இங்கிலாந்து. லோமு ஆறடி ஐந்தங்குலம், நூற்றுப் பதினைந்து கிலோவுக்கு மேல் எடை. தடுக்க வந்த இங்கிலாந்து வீரர் மைக் கேட்டின் மேலேயே ஏறிப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். அப்படி வைத்தால் அதற்குப் பெயர் ட்ரை, அதற்குப் புள்ளி உண்டு. அன்று மட்டும் நான்கு ட்ரை. இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15-12 என்று தோற்றார்கள், ஆனாலும் ஊர் முழுக்க லோமு பேச்சுத்தான். அந்த ஆகஸ்ட்டில்தான் ரக்பி யூனியன் எனப்படும் இந்தப் பதினைந்து பேர் ஆட்டத்தில் சம்பளத்துக்கு ஆடலாம் என்று விதியை மாற்றினார்கள். இருபது வயதுப் பையன், கையில் பணம், உலகமெல்லாம் பெயர்.

அந்த வருடம் முடிவதற்குள் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்: சிறுநீரகக் கோளாறு. புரதம் சிறுநீரில் கசிந்து போகும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். முகாமில் சோம்பேறி என்று பார்க்கப்பட்ட பையனின் களைப்பில் நோய்க்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறமும் ஆடினார். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் தங்கம், 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை. 2003இல் டயாலிசிஸ். 2004இல் நண்பர் ஒருவர் சிறுநீரகம் கொடுத்தார். நாற்பது வயதில், 2015இல், போய்விட்டார்.

இதை வேலூரில் பேசக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதலில் வெற்றி பெற்றது 1971இல், நம் சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அந்த மருத்துவமனை இருக்கும் ஊரில் நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? கபடிக்கு எடை பார்க்கும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் மைதானத்தைச் சுற்றுகிறார்கள், கிலோ குறைய வேண்டுமாம். எடை தேறியதும் முட்டி வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய சிலர்தான், மன்னிக்கவேண்டும், மாத்திரையே வாங்கிக் கொடுக்கிறார்கள்.

பயிற்சியாளர் ஐயாமார்களே, பையன் திடீரென்று மந்தமானால் கத்துவதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சாயங்காலம் ஷூ இறுக்கம், சிறுநீரில் அடங்காத நுரை, இதில் எது இருந்தாலும் ஆட்டம் அப்புறம். சிறுநீரில் புரதம் பார்ப்பது சின்ன பரிசோதனை, பெரிய செலவும் இல்லை. சீசன் தொடங்கும்போதே எல்லோருக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரத்த அழுத்தமும் சேர்த்து. எடை மெஷின் வைக்கிற மேசையில் ஒரு தண்ணீர் கேனும் இருக்கட்டும்.