டிராகன் முன்னாடி வந்து நின்னா டைஸை எடுக்காதீங்க

வணக்கம் நேயர்களே. இன்னிக்கு என்னைப் பேசக் கூப்பிட்ட விஷயம் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். இதுவரைக்கும் ஆடாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன். நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்குவாங்க, ஒருத்தர் மட்டும் டிஎம், அதாவது கதையை நடத்துறவர், ஊரு, காடு, குகை, எதிரிங்க எல்லாம் அவர் பொறுப்பு, ஒரு காரியம் நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா 20 முகம் இருக்கற டைஸை உருட்டிப் பாத்துக்குவாங்க, அவ்வளவுதான். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல இருந்துதான் இந்த வகை விளையாட்டே கிளம்பிச்சு.

இதை ஆட ஆரம்பிச்ச எல்லாருக்கும் டிராகனைப் பாத்துடணும்னு ஒரு ஆசை இருக்கும். டிஎம்முக்கும் அதை எப்படா இறக்கலாம்னு கை துறுதுறுன்னு இருக்கும். அதனால பாதி நேரம் என்ன ஆகுதுன்னா, பார்ட்டி, அதாவது ஆடுறவங்களோட கேரக்டர் கூட்டம், அதுக்குத் தயாராகறதுக்கு ரொம்ப முன்னாடியே டிராகன் வந்து நின்னுடுது. அப்ப என்ன பண்றதுங்கறதுதான் இன்னிக்குப் பேச்சு.

எவ்வளவு பெரிய வித்தியாசம்னு ஒரு கணக்கு சொன்னாத்தான் புரியும். 2014ல வந்த அஞ்சாம் எடிஷன் ரூல்ஸ்படியே எடுத்துக்குவோம். பார்ட்டி 5ஆம் லெவல், எதிர்ல வளர்ந்த சிவப்பு டிராகன். அதோட ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும்ங்கற கணக்கு, 256, அது ஊதுற நெருப்பு 60 அடி தூரம் விசிறி மாதிரி விரிஞ்சு போகும், சராசரி அடி 63. நம்ம விஸார்ட், அதாவது மந்திரவாதி, உடம்பு திடத்தைக் குறிக்கற கான்ஸ்டிடியூஷன் 14 வச்சிருந்தா சராசரிக் கணக்குல அவர்கிட்ட இருக்கறது 32. நெருப்புல இருந்து பாதி தப்பிக்க டைஸ்ல மொத்தம் 21 வரணும், விஸார்டோட சுறுசுறுப்பு, அதாவது டெக்ஸ்டெரிட்டியும் 14னா கூட்டிக்க 2 கிடைக்கும், அப்ப 19 இல்ல 20 விழுந்தாத்தான் உண்டு, பத்து தடவை உருட்டினா ஒரு தடவை. சரி விழுந்துடுச்சுன்னே வச்சுக்குவோம், பாதி அடி 31, மிச்சம் ஒரே ஒரு பாயின்ட்ல நிக்கிறார். விழலேன்னா 63ம் அவர் தலையில, 32 காலியாகி இன்னும் 31 மிச்சம் நிக்குது. அப்படி மிஞ்சி நிக்கற அடி அவரோட முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தா உயிருக்கு உருட்டிப் பாக்கற டைஸ் கூடக் கிடையாது, அந்த இடத்துலயே ஆள் முடிஞ்சது. அதாவது 63 வந்தா மயக்கம், 64 வந்தா மரணம். இதெல்லாம் டிராகனோட முதல் மூச்சுல நடக்கறது, இன்னும் அது நகத்தைக் கூட தூக்கல.

நம்ம பக்கம் பாருங்க. பெரிய வாளோட நிக்கற ஃபைட்டருக்கு கூட்டிக்க 7 இருந்தாலும் டிராகனோட கவசம் 19ஐத் தொட டைஸ்ல குறைஞ்சது 12 விழணும், ரவுண்டுக்கு ரெண்டு வீச்சு, சராசரி பாத்தா பத்து பாயின்ட் கிட்ட குறைப்பார். 256ஐ பத்தால வகுத்துக்குங்க. அதுவும் டிராகன் தரையில வந்து அவர் பக்கத்துல நின்னு குடுத்தாத்தான், பறக்குற ஜந்து எதுக்கு நிக்கணும்?

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் பார்ட்டி நின்னு சண்டை போடுது? எனக்கு ரொம்ப நாளா இருக்கற கேள்வி இது. ஆடுறவங்க முட்டாள் கிடையாது. அவங்க மனசுல ஒரு நம்பிக்கை ஓடுது, டிஎம் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதை ஜெயிக்கலாம், ஜெயிக்க முடியாததை எதுக்கு நிறுத்தப் போறார்னு. இந்த நம்பிக்கை ஆரம்பத்துல இருந்தது இல்ல. பழைய ரூல்ஸ்ல லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி முக்கால்வாசி தங்கத்துல இருந்துதான் வந்துச்சு, ஒரு தங்கக் காசை வெளிய கொண்டுவந்தா ஒரு புள்ளி, எதிரியைக் கொன்னா கிடைக்கறது சில்லறை. அப்படி இருக்கும்போது எவனாவது டிராகனை எழுப்பிச் சண்டை போடுவானா? சத்தம் போடாம மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்புறவன்தான் கெட்டிக்காரன். 1981ல வந்த பேசிக் ரூல்ஸ்ல ஒவ்வொரு டிராகனுக்கும் அது பேசத் தெரிஞ்சதா இருக்க எவ்வளவு வாய்ப்பு, நீங்க போறப்ப தூங்கிட்டு இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு சதவீதம் போட்டே அச்சடிச்சிருந்தாங்க. வெள்ளை டிராகன் 10 சதவீதம்தான் பேசும், ஆனா 50 சதவீதம் தூங்கும். சிவப்புக்கு அப்படியே தலைகீழ், 50 சதவீதம் பேசும், 10 சதவீதம்தான் தூங்கும். இது போக எதிரியைப் பாத்த உடனே அது என்ன மனநிலையில இருக்குன்னு ரெண்டு டைஸ் உருட்டிப் பாக்கற வழக்கமும் இருந்துச்சு. பேச்சு, தூக்கம், மனநிலை, இதெல்லாம் பாத்து முடிச்சப்புறம்தான் சண்டை.

2000ல மூணாம் எடிஷன் வந்தப்ப ஒவ்வொரு எதிரிக்கும் சேலஞ்ச் ரேட்டிங்னு ஒரு நம்பர் போட்டாங்க. டிஎம்முக்கு அது பெரிய உதவி, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த நம்பர் வந்ததுல இருந்து, எங்க லெவலுக்கு ஏத்த சண்டைதான் எங்களுக்கு வரும்னு ஆடுறவங்க நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பூட்டு இருந்தா சாவி இருக்கும்ங்கற நினைப்பு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். இந்த ஆட்டத்துல சண்டை ஆரம்பிக்கும்போது எல்லாரும் இனிஷியேட்டிவ் உருட்டுவாங்க, யார் முதல்ல யார் ரெண்டாவதுன்னு வரிசை போடறதுக்கு. நான் பாத்த வரைக்கும் அந்த டைஸ் உருண்ட நிமிஷத்துல மேஜையில இருக்கற அத்தனை மூளையும் ஒரே திசையில திரும்பிடும். அதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி வரைக்கும் ஒளியலாமா, பேசலாமா, அந்தக் கிராமத்துல சொன்ன சுரங்க வழி எங்கன்னு யோசிச்சுட்டு இருந்தவங்க, டைஸ் விழுந்ததும் என் டர்ன்ல எத்தனை அடி அடிக்கலாம்னு பேப்பரைப் பாத்துட்டு உக்காந்திருவாங்க. அதனால டிராகன் விஷயத்துல முடிவு எடுக்க வேண்டிய நேரம் இனிஷியேட்டிவுக்கு முன்னாடி. அப்புறம் எடுக்கறதெல்லாம் தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் எடுக்கற முடிவு.

ஏன்னா ஓட முடியாது. இதைப் பல பேர் யோசிக்கறதே இல்ல. மனுஷன் ஒரு ரவுண்டுக்கு 30 அடி நடக்கலாம், வேற எதுவும் பண்ணாம துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடினா 60 அடி. டிராகன் சும்மா பறந்தாலே 80, மெனக்கெட்டுப் பறந்தா 160. ரவுண்டு ரவுண்டா கட்டம் எண்ணி ஓடினா சாவு உறுதி, அதுலயும் மயங்கிக் கிடக்கற நண்பனைத் தூக்கணும்னா கேக்கவே வேணாம். தப்பிச்சா தப்பில்லைன்னு வாயால சொல்ற டிஎம், ஓடும்போது கட்டம் எண்ணினா அது என்ன நியாயம்? 13த் ஏஜ்னு இன்னொரு கேம் இருக்கு, 2013ல வந்தது, அதுல இதுக்கு ஒரு நல்ல ரூல் வச்சிருக்காங்க. யாரோ ஒருத்தர் தன்னோட டர்ன்ல ஓடிடலாமான்னு கேக்கலாம், எல்லாரும் சரின்னா டைஸே இல்லாம மொத்தப் பார்ட்டியும் விழுந்து கிடக்கறவங்களையும் தூக்கிட்டு தப்பிச்சிரும். அதுக்குப் பதிலா கதையில ஏதோ ஒண்ணு கைவிட்டுப் போகும், காப்பாத்த வந்த ஊரு எரியலாம், எதிரிக்கு வேண்டியது கிடைச்சிடலாம். என்னைக் கேட்டா எந்த கேம் ஆடினாலும் இந்த ஒரு ரூலைக் கடன் வாங்கிக்கலாம்.

சரி, முன்னாடியே முடிவு எடுக்கணும்னா எதை வச்சு எடுக்கறது? டிராகனுக்கு என்ன வேணும்ங்கறதை வச்சுத்தான். அச்சுல வந்த கதைங்களை எழுதினவங்களுக்கே இது தெரியும். 2014ல புதுசா ஆடறவங்களுக்குன்னு வந்த ஸ்டார்ட்டர் செட்ல வெனம்ஃபேங்னு ஒரு பச்சை டிராகன் வரும், அது மொத்தம் 136 ஹிட் பாயின்ட், பாதி போச்சுன்னா சாகற வரைக்கும் நின்னு அடிக்காது, பறந்து போயிடும்னு டிஎம்முக்கு எழுதியே குடுத்திருக்காங்க. அதே வருஷம் வந்த இன்னொரு கதையில முதல் லெவல் ஆளுங்க முன்னாடி வளர்ந்த நீல டிராகனே வந்து ஊரைத் தாக்கும், அதுக்கு அந்தச் சண்டையில பெரிசா இஷ்டமே இல்ல, 24 பாயின்ட் அடி வாங்கினா, இல்ல ஒரே ஒரு கிரிட்டிக்கல், அதாவது அடிக்க உருட்டின டைஸ்ல 20, விழுந்தா, விட்டுட்டுப் போயிடும். ஆனா அதோட மின்னல் சராசரியா 66, முதல் லெவல் ஃபைட்டர்கிட்ட இருக்கறது 12 பாயின்ட்டு, டிஎம் கொஞ்சம் அசந்தா கேம்பெய்னே, அதாவது பல நாள் ஓட வேண்டிய முழுக் கதையே, முதல் நாள் சாயங்காலம் முடிஞ்சுடும். எனக்கு அந்த ஆரம்பம் பிடிக்காது. ஆனா டிராகனுக்குன்னு ஒரு சொந்த வாழ்க்கை இருக்கு, நம்மைக் கொல்றதுக்காக மட்டும் அது உசிரோட இல்லேங்கற எண்ணம் மட்டும் சரியானது.

சிவப்புக்குப் பேராசையும் திமிரும், தன் பொக்கிஷத்துல ஒரு காசு நகர்ந்தாலும் தெரியும், புகழ்ந்தா கேட்டுக்கிட்டே இருக்கும். பச்சைக்குப் பொய்யும் சூழ்ச்சியும் பொழுதுபோக்கு, உங்களைக் கொல்றதை விட வளைச்சுப் போட்டு வேலை வாங்கறதுதான் அதுக்கு ருசி. வெள்ளைக்கிட்ட தத்துவம் பேசிப் பிரயோஜனம் இல்ல, அதுக்குப் பசி, குதிரையை விட்டுட்டு நகர்ந்துடணும். கறுப்புக்குக் கொடுமை பண்றதுலயே சந்தோஷம், அதுகிட்ட மாட்டறதுக்கு முன்னாடி சதுப்பு நிலத்துப் பக்கமே போகாதீங்க.

ஒரு ஆட்டத்துல நான் பக்கத்துல உக்காந்து பாத்தது, சிவப்பு டிராகன் குகை, பார்ட்டி உள்ள பாதி தூரம் போயிடுச்சு, இருட்டுல இருந்து யாரது என் வீட்லன்னு ஒரு குரல். டைஸை எடுக்கப் போன ஃபைட்டர் கையை, பார்டா, அதாவது பாட்டுக்காரியா, ஆடுற பொண்ணு தட்டி விட்டுட்டு எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சா. "மகாராணி, உங்க பொருள் ஒண்ணு திருடு போயி எங்க கையில கிடைச்சது, சேர்ப்பிச்சுட்டுப் போகலாம்னு வந்தோம்"னு சொல்லிட்டு, எங்கயோ கடையில வாங்கின வெள்ளி மோதிரத்தை நீட்டினா. டிஎம் கொஞ்ச நேரம் அந்தப் பொண்ணையே பாத்தார். அப்புறம் டிராகன் குரல்ல, "அது என்னோடது இல்ல"ன்னார். மேஜையில மூச்சு சத்தம் கூட இல்ல. "ஆனா குடு." எல்லாரும் சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அந்த டிராகன் அப்புறம் அவங்களை விட்டுச்சு, மாசாமாசம் ஏதாவது பளபளன்னு கொண்டுவந்து குடுக்கணும்னு ஒரு கண்டிஷனோட, கேம்பெய்ன் பூரா அந்தக் கடன் அவங்களைத் துரத்துச்சு.

சண்டை போட்டே ஆகணும்னா சில விஷயம் மட்டும். கூட்டமா நிக்காதீங்க, அந்த நெருப்பு விசிறி 60 அடி தூரத்துல 60 அடி அகலமா இருக்கும், ஆளுக்கு ஒரு பக்கம் போங்க. வெட்டவெளியில வேணவே வேணாம், கூரை தாழ்வா இருக்கற இடத்துக்கு இழுங்க, வளர்ந்த டிராகனுக்கு 15 அடிக்கு 15 அடி இடம் வேணும், 5 அடி அகலச் சந்துல அதால நுழைய முடியாது, ஆனா நெருப்பு நுழையும், அதனால சந்துலயும் மூலை திரும்பி நில்லுங்க. சிவப்புக்கு மேல ஃபயர்பால்ங்கற நெருப்பு மந்திரத்தைப் போட்டு ஸ்பெல்லை வீணாக்கறவங்க இன்னும் இருக்காங்க, அதுக்கு நெருப்பே ஏறாது. புகையைக் கிளப்பிட்டு ஒளிஞ்சாலும் 60 அடிக்குள்ள கண்ணு இல்லாமலே அதுக்கு எல்லாம் தெரியும். உங்க பெரிய ஸ்பெல்லை முதல்லயே போடாதீங்க, ஒரு நாளைக்கு மூணு தடவை அது மந்திரத்துல இருந்து தப்பிக்க உருட்டித் தோத்த டைஸையும் ஜெயிச்சதா மாத்திக்கும், சின்னச் சின்ன ஸ்பெல்லா போட்டு அந்த மூணையும் கறந்துட்டு அப்புறம் பெரிசை எடுங்க. இதெல்லாம் பண்ணாலும் 5ஆம் லெவல்ல ஜெயிப்பீங்கன்னு நான் சொல்லல, ஒரு ரவுண்டு அதிகமா நிப்பீங்க, அவ்வளவுதான்.

டிஎம்மா இருக்கறவங்களுக்கு ஒண்ணு. குறிப்பு குடுக்கறேன்னு எரிஞ்சு போன ஆட்டுப்பட்டி, உருகிப் போன கவசம்னு வர்ணிச்சுட்டு, அவங்களே புரிஞ்சுக்கணும்னு விடாதீங்க. நீங்க அதை மனசுல பாக்கறீங்க, அவங்க காதால கேக்கறாங்க, அந்த நேரம் ஒருத்தர் ஃபோனைப் பாத்துட்டு இருப்பார். நேரா சொல்லிடுங்க, "உங்க கேரக்டருங்க இத்தனை வருஷம் இந்த உலகத்துல வாழ்ந்தவங்க, இதை நேருக்கு நேர் நின்னா செத்துருவோம்னு அவங்களுக்குத் தெரியும்"னு. சஸ்பென்ஸ் போயிடுமேன்னு பயப்படாதீங்க, போகாது, இன்னும் ஏறும். திரைக்குப் பின்னாடி டைஸை மாத்தி 64ஐ 40 ஆக்கறவங்களும் இருக்காங்க, எனக்கு அது ஒத்துவராது, ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டாங்கன்னா அப்புறம் எந்த டைஸுக்கும் அவங்க பயப்பட மாட்டாங்க. அதை விட ரூல்ஸ்லயே வழி இருக்கு. பக்கத்துல நின்னு அடிக்கற அடியில ஒருத்தர் சைபருக்கு வந்தா, அடிச்சவர் கொல்லாம மயக்கம் மட்டும் போட வைக்கலாம்னு இருக்கு, அது நமக்கு மட்டும் இல்ல, டிராகனுக்கும்தான். மூச்சை விடாம நகத்தால அடிச்சு ஆளுங்களைப் பிடிச்சு வச்சுக்கலாம், பணயத்துக்குன்னு ஒரு டிராகனுக்கு ஆசை வராதா என்ன.

அப்படியும் ஒருத்தர் செத்துட்டார்னா, அவரை மிச்ச ரெண்டு மணி நேரம் சும்மா உக்கார வைக்காதீங்க. டிராகன் குகையில பெரும்பாலும் கோபால்டுங்க, அதாவது பல்லி மாதிரி குட்டி ஜந்துங்க, வேலைக்காரங்களா சுத்திட்டு இருக்கும், அதுல ஒண்ணோட பேப்பரை எடுத்து அவர் கையில குடுத்து, இனிமே நீதான் இதுன்னு சொல்லிடுங்க. தன்னைத் தனியா விட்டுட்டுத் தள்ளி நின்ன பழைய கூட்டாளிங்களை அவர் என்ன பாடு படுத்தப் போறார்னு மட்டும் பாருங்க. வணக்கம்.